தவராசா கொடுத்த தோட்டா

என் மனுசனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், சென்ட்ரல் லண்டனில் ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தேன். ரெனிஸ் மட்டையும் சப்பாத்தும் விற்கிற கடை என்று கேட்டவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படியே விட்டுவிடுவேன். உண்மையில் அது துவக்கும் தோட்டாவும் விற்கிற கடை. பிக்கடிலிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் பெல்லாமி என்கிற வெள்ளைக்காரக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்திவந்தது. அதில் தோட்டாப் பகுதி இவருடைய பொறுப்பு. ஆபிரிக்காவுக்குப் போய் யானை, எருமை, சிங்கம் சுட ஆசைப்படுகிற பணக்காரர்கள், எந்தத் தோட்டாவைக் கொண்டுபோவது என்று இவரிடம் வந்துதான் கேட்பார்கள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்த மனுசனுக்கு லண்டன் கொடுத்த உத்தியோகம் இது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன்.

ஊருக்கு அவர் தவராசா. எனக்கு 'இஞ்சேருங்கோ'. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் எங்கள் மகள் கம்சிகாவின் காலத்தில்தான் வந்தது.

அந்தக் கடைக்கு அவர் போனது பெட்டி கட்டுகிற வேலைக்கு. கடையின் கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத அறையொன்றில் நின்று பார்சல் ஒட்டினார். விசா கிடைத்து, பொலிஸ் விசாரணையெல்லாம் முடிந்து, மேலே கவுண்டருக்கு வர எத்தனையோ வருடம் எடுத்தது. அந்த வருடங்களில் அந்த மனுசன் படித்த படிப்பை ஒழுங்காக ஒரு யூனிவர்சிற்றியில் படித்திருந்தால் நான் இன்றைக்கு டொக்டர் பெண்சாதி. இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தால், எருமையின் தோள் எலும்பு எவ்வளவு தடிப்பு என்று தொடங்குவார். நான் சோற்றைப் பிசைந்தபடி ஓம், ஓம் என்பேன். வெள்ளிக்கிழமை வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. முட்டைகூடத் தொடமாட்டார். அதே வெள்ளிக்கிழமை காலையில் எவனோ ஒரு லோர்டுக்கு யானைத் தோட்டா விற்றுவிட்டு வந்திருப்பார். இது என்ன கணக்கு என்று கேட்டால், "நான் சுடுறதில்லை, கலா. சுடப் போறவன் ஒரு வெடியோட முடிக்கவேணும். அதுக்குத்தான் நான் அங்கை நிக்கிறன்" என்பார்.

அவருடைய மனதில் இருந்தது அதுதான். மிருகம் காயத்தோடு பற்றைக்குள் ஓடிப் படுத்து அணு அணுவாகச் சாகக்கூடாது. அதைத் தேடிப் போகிற மனுசனும் சாகக்கூடாது. இரண்டும் தோட்டாவில் இருக்கிறது என்று அவர் நம்பினார். அதனால் வருகிறவர்களை அவர் கேள்விகளால் வாட்டி எடுப்பார். என்ன மிருகம்? எந்த நாடு? எந்த மாதம் போகிறீர்கள்? துவக்கு உங்களுடையதா, அங்கே போய் வாடகைக்கு எடுக்கப்போகிறீர்களா? மாதத்தைக் கேட்டால் சிலர் இதென்ன பைத்தியம் என்பதுபோலப் பார்ப்பார்களாம். தோட்டாவின் பித்தளைக் கோதுக்குள் இருக்கிற வெடிமருந்து குளிரில் ஒரு மாதிரி, கொதிக்கிற வெயிலில் இன்னொரு மாதிரி வெடிக்கும். இங்கே பனிக்குள் நின்று சுடுகிறவனுக்குச் சரியான தோட்டா, வெயில் கொளுத்துகிற ஒக்டோபரில் ஆபிரிக்காவின் சாம்பேசிப் பள்ளத்தாக்கில் சுட்டால் கோது வீங்கித் துவக்குக்குள்ளேயே இறுகிவிடலாம். அதனால் வெயில் நாட்டுக்கென்று நிரப்பியதை அவர் வேறாகவே வைத்திருந்தார்.

அவர் எடுத்துக் கொடுத்த தோட்டா பிழைத்தது என்று ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவருடைய சொத்து. மோர்டனில் இருக்கிற எங்கள் வீடுகூடப் பாதி வங்கிக்குச் சொந்தம். அந்தப் பெயர் முழுக்க அவருக்கே சொந்தமாயிருந்தது.

அது எப்படிப் போனது என்று சொல்லத்தான் இருக்கிறேன். அதற்கு முன் கிருஷ்ணராசா அண்ணையையும் அவருடைய பெண்சாதி நகுலேஸ்வரியக்காவையும் பற்றிச் சொல்லவேண்டும்.

நாங்கள் வந்து இறங்கிய முதல் குளிருக்கு எங்களை வைத்திருந்தது அவர்கள்தான். டூட்டிங்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல் இரண்டு அறை. ஒன்றை எங்களுக்கு விட்டுவிட்டு அவர்கள் நாலு பேரும் மற்றதில் படுத்தார்கள். கம்சிகா பிறந்தபோது இவருக்குப் புது வேலை, லீவு கேட்கப் பயம். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றது நகுலேஸ்வரியக்கா. ஒரு சொல் இங்கிலீஷ் தெரியாமல் நேர்ஸோடு சண்டை பிடித்து எனக்குச் சுடுதண்ணீர் வாங்கித் தந்த பெண் அவ.

அந்த அறையில் இருந்தபோது ஒன்றைக் கண்டேன். அக்கா சில நாட்களில் சாப்பிடமாட்டா. சுவரைப் பார்த்தபடி இருப்பா. பிறகு அவவே சொன்னா. ஊரில் சண்டை நேரம், மண்ணெண்ணெய் வாங்கிவா என்று தம்பியைக் கடைக்கு அனுப்பியிருக்கிறா. ஷெல் விழுந்தது. தம்பி வரவில்லை. "நான்தானே அனுப்பினனான், கலா" என்று அவ சொன்ன குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து எழும்ப அவவுக்கு எத்தனையோ வருடம், எத்தனையோ விரதம், எத்தனையோ மருந்துக் குளிசை. அதன் பிறகு வீட்டில் யார் வெளியே போனாலும் சாமி படத்துக்கு முன் நிறுத்தித் திருநீறு பூசாமல் அனுப்பமாட்டா. பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் அப்படித்தான்.

கிருஷ்ணராசா அண்ணை கெட்டிக்காரன். பலசரக்குக் கடை ஒன்று இரண்டானது, பிறகு கேஷ் அன்ட் கரி என்கிற மொத்த வியாபாரக் கடை ஆனது. கோயில் நிர்வாகத்தில் பெயர் வந்தது. பணம் வந்தபின் வெள்ளைக்காரக் கூட்டாளிகளோடு லண்டனுக்கு வெளியே சரேயில் பறவை சுடப் போகத் தொடங்கினார். பொலிஸ் அனுமதி எடுத்தார், துவக்கு வாங்கினார். பிறகு அந்தக் கூட்டாளிகள் சிம்பாப்வேக்குக் காட்டெருமை வேட்டைக்குப் போகத் தீர்மானித்து, அண்ணையையும் கூப்பிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் தானும் ஒருவன் என்று காட்ட அண்ணைக்கு இதைவிட வேறு வழி தெரியவில்லை. எருமை அண்ணைக்கு என்ன குற்றம் செய்தது என்று நான் கேட்டிருப்பேன். என்னை யார் கேட்டார்கள்?

தோட்டாவுக்கு அண்ணை என் மனுசனிடம்தான் வந்தார். அன்றைக்கு நடந்ததை இவர் வந்து எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார்.

"தவம், இருக்கிறதுக்குள்ளை வேகமானதாத் தா. அடிச்சால் விழவேணும்."

"அண்ணை, வேகம் மானுக்கு. எருமைக்குப் பாரம் வேணும். தோட்டா முனையிலை இருக்கிற சன்னம் லேசெண்டால் வேகமாப் போய்த் தோலுக்குக் கீழையே சிதறிப்போம். பாரமானது மெதுவாப் போனாலும் உள்ளை போய்க்கொண்டே இருக்கும்."

"அப்ப எல்லாத்தையும் சொலிட்டாத் தா. கெட்டிச் சன்னம். ஒண்டும் நிப்பாட்டேலாது எண்டு சொல்லுறாங்கள்."

"அதுதானே பிரச்சினை. எருமை தனிய நிக்காது. முதல் வெடிக்குச் சொலிட் போட்டால், சுட்டதுக்குள்ளாலை போய்ப் பின்னாலை நிக்கிறதுக்கும் படும். பிறகு காயப்பட்ட ரெண்டு எருமை பற்றைக்குள்ளை. முதல் ஒண்டு சொஃப்ட். அது உள்ளை போய் விரிஞ்சு அங்கையே நிக்கும். மகசீனிலை மிச்சம் எல்லாம் சொலிட். முதல் வெடிக்குப் பிறகு எருமை பக்கம் காட்டிக்கொண்டு நிக்காது. ஒண்டில் ஓடும், இல்லாட்டி உங்களை நோக்கி வரும். அப்ப எலும்பை உடைச்சுக்கொண்டு போகத்தான் சொலிட். அங்கை உங்களோட வாற வேட்டைக்காரனையும் கேளுங்கோ. அவனும் இதைத்தான் சொல்லுவான்."

மாதம் கேட்டிருக்கிறார். ஒக்டோபர். வெயில் நாட்டுத் தோட்டாவையே எடுத்துக் கொடுத்திருக்கிறார். எல்லாம் ஒரே தொகுதியில் நிரப்பியவை. அதோடு விடவில்லை. கொண்டுபோகப் போகிற ஒவ்வொரு தோட்டாவையும் சுட்டுப் பழகுகிற சுடுதிடலில் வைத்து அண்ணையின் துவக்கிலேயே உள்ளே தள்ளி வெளியே எடுத்துப் பார்க்கச் சொன்னார். தானே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப் போய் நின்று பார்த்தார். எல்லாம் வெண்ணெயில் கத்தி போனமாதிரிப் போய் வந்தன என்று வீட்டுக்கு வந்து சொன்னார். எனக்கு அந்த ஞாயிறு மோர்டனிலிருந்து கம்சிகா வீட்டுக்குத் தனியே ரயிலில் போன ஞாயிறு. அதனால் நன்றாக ஞாபகம்.

அதற்குப் பிறகு நவராத்திரி வந்தது. பிறகு அண்ணை பறந்தார்.

செய்தி முதலில் வட்ஸ்அப்பில் வந்தது. கிருஷ்ணராசா அண்ணை தப்பிவிட்டார், கூடப் போன ஆள் ஒருவர் செத்துவிட்டார் என்று. முருகன் காப்பாற்றினார் என்று கும்பிட்ட கைப் படங்களாய் வந்து குவிந்தன. செத்தவர் யார் என்று ஒருவரும் எழுதவில்லை. இவர்தான் அண்ணையிடம் கேட்டுப் பெயரை எடுத்தார். டெண்டாய். எருமையின் அடிச்சுவடு பார்த்து முன்னால் போகிறவர். பெண்சாதி, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். அண்ணையின் முதல் வெடி எருமைக்குப் பட்டது, ஆனால் பின்னுக்குப் பட்டுவிட்டது. அது திரும்பி வந்தது. அண்ணை இரண்டாவது தோட்டாவை உள்ளே தள்ளினார். பாதியில் இறுகிவிட்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. கூட இருந்த வேட்டைக்காரன் சுட்டு எருமையை விழுத்துவதற்குள் அது டெண்டாயைக் குத்திவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் அந்த மனுசன் போய்விட்டார்.

அண்ணை திரும்பி வந்து மிச்சத் தோட்டாக்களைப் பெட்டியோடு கடையில் கொண்டுபோய் வைத்தார். இவர் அன்று லீவு. சில நாள் கழித்து அண்ணையின் வக்கீலிடமிருந்து கடைக்குக் கடிதம் வந்தது. வெயிலுக்கு ஒவ்வாத தோட்டாவை விற்றதால் முதல் கோது வீங்கித் துவக்கைப் பழுதாக்கிவிட்டது, அதனால்தான் இரண்டாவது இறுகியது, ஒரு உயிர் போனது என்று.

இவருக்கு அந்தக் கடிதத்தைக் காட்டியது இளைய பெல்லாமி. இவர் கவுண்டருக்கு வந்த காலத்தில் அரைக் காற்சட்டையோடு திரிந்தவன், இப்போது முதலாளி. "டாவ், நீதான் கொடுத்தாய். நீயே பார்த்துச் சொல்" என்று பெட்டியைக் கொடுத்தான்.

பின்னறையில் இவர் பெட்டியைத் திறந்ததும் முதலில் தெரிந்தது மணம். பிறகு விளக்கின் கீழ் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு பித்தளைக் கோதின் மேலும் காய்ந்து இறுகிய சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். ஆயுத பூசைக்கு அக்கா வைத்தது. கோயிலில் புதுக் காருக்கு வைக்கிறோமே, அதேபோல. அந்தப் பூசைக்கு நாங்கள் போகவில்லை. சுடுதிடலில் பார்த்தபோது இல்லாத சந்தனம், பார்த்து முடித்த தோட்டாவின் மேல் ஏறியிருக்கிறது. நகமளவு தடிப்பு வேண்டியதில்லையாம். கடதாசியளவு தடிப்பே துவக்கை இறுக்கப் போதும்.

வெள்ளைக்காரனுக்கு அது ஏதோ மண். இவருக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னபோது இவர் முகத்தில் ஒரு ஆறுதல் இருந்தது. தோட்டா பிழைக்கவில்லை. அதுதான் அவருக்கு முதலில் வந்தது. பிறகு மெல்ல மெல்ல மற்றது வந்தது.

"கலா, அக்காவுக்குத் தெரியுமோ தெரியாது" என்றார்.

அண்ணைக்குப் போன் எடுத்தார். அண்ணை அன்று பின்னேரமே வந்தார். புது ரேஞ்ச் ரோவரை எங்கள் வாசலில் பக்கத்து வீட்டுக்காரனின் கேற்றை மறித்து விட்டுவிட்டு வந்து செற்றியில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்கவில்லை. சுற்றி வளைக்கவும் இல்லை.

"எனக்குத் தெரியும் தவம். அங்கையே அந்த வேட்டைக்காரன் இறுகினதைத் தட்டி எடுத்துக் காட்டினவன். இதென்னடா ஒட்டிக்கிடக்கு எண்டு கேட்டவன். எனக்குத் தெரியாது எண்டிட்டன்."

"துடைக்கேல்லையோ அண்ணை?"

"பொட்டைச் சுத்தி வழிஞ்சதைத் துடைச்சனான். நடுப்பொட்டைச் சாமிக்கு வைச்சது எண்டு விட்டிட்டன். முழுக்க அழிக்க மனம் வரேல்லை. முதல் போட்டது மட்டும் என்ர கையிலை வேர்வைக்கு அழிஞ்சு போச்சு."

எருமை சுடுகிற துவக்கோடு காட்டுக்குப் போன மனுசனுக்குச் சந்தனப் பொட்டை அழிக்கப் பயம். வேறு எந்த நாட்டவனும் இப்படி ஒரு பிழையை விட்டிருக்கமாட்டான். நாங்கள்தான் விடுவோம். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. அதற்கு மேலாகக் கோபம் வந்தது.

"அப்ப வழக்கை விடுங்கோ அண்ணை" என்றேன். "உங்களுக்குத் தெரியுந்தானே."

"எப்பிடி விடுறது பிள்ளை? ஒரு உயிர் போயிருக்கு. அங்கை வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போன கம்பெனிக்காரன் என்னைக் கேக்கிறான். தோட்டா பிழையெண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். நகுலாவுக்கும் சொல்லிப்போட்டன். இப்ப விட்டால் ஏன் விட்டனீங்கள் எண்டு கேப்பாள். கேட்டுக்கொண்டே இருப்பாள். உங்களுக்கு அவளைத் தெரியும். ஒரு தம்பியை அனுப்பினதுக்கு அவள் பட்டது தெரியும். இப்ப தன்ர கையாலை வைச்ச சந்தனத்தாலை ஒரு மனுசன் செத்தவன் எண்டு தெரிஞ்சால் அவள் உயிரோட இருக்கமாட்டாள், தவம்."

அண்ணை எழும்பி, "நீ யோசிச்சுச் செய்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய மனுசர்கள் எதையும் கேட்பதில்லை. யோசிக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது சண்டை என்று சொல்லலாம். நான் கத்தினேன், இவர் கேட்டார். அக்காவின் பெயரைச் சொல்லி அண்ணை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார் என்றேன். "ஓம்" என்றார். கோயிலில் பரிவட்டம் கட்டுகிற மனுசன் மனச்சாட்சியை எங்கே அடகு வைத்தார் என்றேன். அதற்கும் "ஓம்" என்றார். உங்கள் வேலை போகும், பெயர் போகும் என்றேன்.

"அண்ணை சொல்லுறது பொய்யெண்டால் விட்டிடலாம், கலா" என்றார் இவர். "தன்னைக் காப்பாத்தத்தான் சொல்லுறார். ஆனா அக்காவைப் பற்றிச் சொல்லுறது உண்மை. அவ இருக்கமாட்டா. உமக்கும் தெரியும்."

எனக்கும் தெரியும். சுவரைப் பார்த்தபடி இருந்த அந்த முகத்தை நான் கண்டிருக்கிறேன். என் பிள்ளை பிறந்த அறையில் என் கையைப் பிடித்த கை அது. அந்தக் கையில் ஒரு சாவை நான் எப்படிக் கொண்டுபோய் வைப்பேன்? அண்ணை எங்களை நன்றாகத்தான் அளந்து வைத்திருந்தார்.

அடுத்த நாள் இவர் கடைக்குப் போய், பின்னறையில் இருந்து ஸ்பிரிட்டும் துணியும் எடுத்து, ஒவ்வொரு கோதாகத் துடைத்தார். பிறகு பெல்லாமியிடம் போய், பிழை தன்னுடையது என்றார். மாதம் கேட்க மறந்துவிட்டேன், வெயில் நாட்டுத் தட்டில் எடுக்காமல் பக்கத்துத் தட்டில் எடுத்துவிட்டேன் என்றார். மாதம் கேட்க மறந்தாராம், இவர். நித்திரையில் எழுப்பினாலும் மாதம் கேட்கிற மனுசன்.

பெல்லாமி நம்பினானா என்று எனக்குத் தெரியாது. நம்புவது அவனுக்கு வசதி. தோட்டா முழுத் தொகுதியும் பிழை என்று வந்தால், வாங்கின எல்லாரிடமும் திருப்பி எடுக்கவேண்டும், பத்திரிகையில் வரும். ஒரு கிழட்டுக் கவுண்டர்காரனின் மறதி என்றால் அதோடு முடிந்தது. மிச்சத் தோட்டாவை ஆய்வுக்கு அனுப்பவா என்று ஒரு சொல் கேட்கவில்லையாம். கடையின் காப்புறுதிக் கம்பெனிக்காரர் அண்ணையின் வக்கீலோடு பேசித் தீர்த்தார்கள். டெண்டாயின் குடும்பத்துக்கு ஏதாவது போனதா என்று இவர் பெல்லாமியைக் கேட்டார். அது உன் வேலையல்ல என்று பதில் வந்தது. அண்ணையைக் கேட்டார். பார்ப்போம் என்று பதில் வந்தது.

இவரை அனுப்பிவிட்டார்கள். மரியாதையாகத்தான். ஓய்வு என்று பெயர் வைத்தார்கள். ஒரு சின்ன விருந்துகூட வைக்கவில்லை. தட்டின் சாவியை அவருக்குப் பின் வந்த பெடியனிடம் கொடுத்தபோது, எந்தத் தட்டில் எது என்று இவர் சொல்லிக்கொடுக்கப் பார்த்திருக்கிறார். "பரவாயில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அவன் சொல்லிவிட்டானாம். அதை எனக்குச் சொன்னபோதுதான் முதல்முறையாக இவர் கண் கலங்கியதைக் கண்டேன். எனக்கு அந்தக் கடையைக் கொளுத்தலாம் போல இருந்தது.

பழைய வாடிக்கைக்காரர் ஒருவர்கூடப் போன் எடுக்கவில்லை. அவர்களுக்குள் கதை போயிருக்கும். தவராசா கொடுத்த தோட்டா ஆபிரிக்காவில் இறுகி ஒருவன் செத்தான் என்று. எங்கள் ஆட்களுக்குள்ளும் போனது. அப்போதுதான் பலருக்கு இவர் துவக்குக் கடையில் வேலை செய்தவர் என்றே தெரியும். இத்தனை வருடம் நான் மறைத்தது இப்படி வெளியே வரவேண்டியிருந்தது. இப்போது குரொய்டனில் ஒரு மருந்துக் கிடங்கில் ஷிப்ட் வேலை. அங்கே பெட்டிகளில் பார்கோட் ஒட்டுகிறார். தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டார் என்று நான் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டு, பிறகு நாள் முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன்.

நகுலேஸ்வரியக்காவை அதற்குப் பின் சந்திக்காமலே இருந்தோம். அவவும் வரவில்லை. நாங்களும் போகவில்லை. கோயிலுக்குக்கூட நாங்கள் ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் போனோம்.

இந்த வருடம் வெயில் தொடங்கிய பிறகு, ஒரு சனிக்கிழமை காலை டூட்டிங்கில் மீன் வாங்க நின்றோம். அப்பர் டூட்டிங் ரோட்டில் சனிக்கிழமை என்றால் தெரியுந்தானே. வரிசை வாசல்வரை. எங்களுக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினா. அக்கா.

நல்ல நிறமாக, முகம் தெளிந்து இருந்தா. சுவரைப் பார்த்த முகம் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகவே இருந்தது. பரவாயில்லை, இவர் செய்தது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

"தவம், சுகமோ?" என்றா.

"ஓம் அக்கா."

"நான் உம்மோட கோவமில்லை. மனுசருக்குப் பிழை வாறதுதான். ஆனா சொல்லாமல் இருக்கேலாது. உம்மட தோட்டாவை நம்பிப் போய் என்ர மனுசன் சாகப் பாத்தவர். நான் ஆயுத பூசையிலை ஒவ்வொண்டுக்கும் என்ர கையாலை சந்தனம் வைச்சுக் கும்பிட்டபடியாத்தான் உயிரோட வந்தவர்."

வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். இவர் தலையை ஆட்டினார்.

"இந்த ஒக்டோபரும் போறார்" என்றா அக்கா. "விட்டால்தானே. இந்தமுறை யானையாம். நான் மறிக்கேல்லை. தோட்டாவை வேறை இடத்திலை வாங்கச் சொல்லிப்போட்டன். பூசை மட்டும் நானே வைச்சுத்தான் அனுப்புவன். இந்தமுறை இன்னும் நல்லாச் செய்யவேணும்."

இவர் என் கையில் இருந்த பையை வாங்கி, திரும்ப என் கையிலேயே தந்தார். என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அக்கா" என்றார். "பூசையைத் துவக்குப் பெட்டிக்கு வையுங்கோ. பெட்டிக்கு வெளியாலை. தோட்டாவுக்குச் சந்தனம் தொடக்கூடாது. அது காஞ்சால் உள்ளை இறுகும். தயவுசெய்து அக்கா. அண்ணையையும் நான் சொன்னதெண்டு சொல்லிக் கேளுங்கோ."

அக்கா இவரைப் பார்த்தா. கோபமாக அல்ல, இரக்கமாகத்தான் பார்த்தா. பிறகு இவரின் கையை மெல்லத் தட்டினா.

"தோட்டாவைப் பற்றி இனி நீர் ஒருத்தருக்கும் சொல்லாதையும், தவம்" என்றா. "உம்மட சொல்லைக் கேட்டுத்தானே இவ்வளவும் வந்தது."

மீன் வெட்டுகிறவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அக்கா திரும்பி, விளைமீன் என்ன விலை என்று கேட்டா.